கிண்டி தேசியப் பூங்கா: காட்டுக்குள்ளே போக வழி உண்டா?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு கிண்டிக்குப் போனேன். ஒன்பது வயது. பள்ளியில் தேசியப் பூங்கா பற்றிப் பாடம் வந்ததாம், சென்னைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது என்று மிஸ் சொல்லிவிட்டார், அன்றிலிருந்து ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. சரி என்று போனோம். சிறுவர் பூங்காவில் டிக்கெட் எடுத்து, பறவைக் கூண்டுகள் பார்த்து, சறுக்குமரம் ஆடி, பக்கத்தில் பாம்புப் பண்ணையிலும் ஒரு சுற்று சுற்றி வெளியே வந்து கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்கிறாள்: "அப்பா, காடு எங்க?"

வேலிக்குப் பின்னால் இருட்டாக மரங்கள் தெரிந்தன. அதைக் காட்டி "அதுதாம்மா" என்றேன். "அப்ப நாம ஏன் அங்க போகல?" என்று அடுத்த கேள்வி. வாசலில் இருந்தவரிடம் கேட்டால், "அந்தப் பக்கம் விடமாட்டாங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அப்படியானால் நான் பார்த்தது தேசியப் பூங்காவா இல்லையா? நிஜக் காட்டுக்குள் போக வழி உண்டா? யாராவது போயிருந்தால் சொல்லுங்கள். வண்டலூர் போ என்று மட்டும் சொல்லாதீர்கள், நாலு தடவை ஆகிவிட்டது.

மத்திய கைலாஷ்:
எல்லாரும் செய்கிற தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள். சிறுவர் பூங்கா வேறு, தேசியப் பூங்கா வேறு. முன்னது காட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு, சர்தார் படேல் சாலையைப் பார்த்த மாதிரி. உள்காடு பொதுமக்களுக்கு மூடிய இடம். இன்னொன்று, அடுத்த முறை செவ்வாய்க்கிழமை போய் நிற்காதீர்கள், விடுமுறை. நான் சொந்தக்காரர்கள் ஏழு பேரோடு போய் நின்றிருக்கிறேன்.

சைதாப்பேட்டை தாத்தா:
தம்பி, உங்கள் மகள் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. காடு எங்கே என்றால், பாதிக் காட்டின் மேல் நாம் கட்டடம் கட்டிவிட்டோம் என்பதுதான் பதில்.

கொஞ்சம் பழங்கதை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இது வேட்டைக் காடு. கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவரின் சொத்தாக இருந்தது, 1821ல் அரசாங்கம் 35,000 ரூபாய்க்கு வாங்கியது. அப்போது மொத்தம் சுமார் 505 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 1,250 வரும். துரைமார் வேட்டையாடவும் வெயில் காலத்தில் ஒதுங்கவும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஆளுநர் மாளிகை இருக்கும் இடம்தான் அவர்களுடைய கிண்டி லாட்ஜ். 1910ல் காப்புக்காடு என்று அறிவித்தார்கள். அதற்கப்புறம் சுதந்திரம் வந்தது, நல்ல காரியங்களும் வரிசையாக வந்தன. நல்ல காரியம் என்று வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்? 1956ல் காந்தி மண்டபம். 1959ல் ஐஐடி, அது ஒரு பெரிய துண்டு. ராஜாஜி நினைவாலயம், காமராஜர் நினைவாலயம், பாம்புப் பண்ணை, சிறுவர் பூங்கா. 1961க்கும் 1977க்கும் நடுவில் மட்டும் 172 ஹெக்டேர் போல வெவ்வேறு துறைகளுக்குக் கைமாறியது. மிச்சத்தை 1978ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 270 ஹெக்டேர் சொச்சம், அதாவது 2.7 சதுர கிலோமீட்டர். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன வண்டலூர் மிருகக்காட்சிசாலை 602 ஹெக்டேர். நம் ஊரில் தேசியப் பூங்காவை விட மிருகக்காட்சிசாலை இரண்டு மடங்குக்கு மேல் பெரியது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது சைதாப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் படுத்தால் ராத்திரி நரி ஊளையிடும். என் பேரனிடம் சொன்னால், "நீங்க ஃபோன்ல ரிங்டோன் கேட்டிருப்பீங்க தாத்தா" என்கிறான். அந்தக் காலத்தில் ஏதடா ஃபோன்.

வரிகட்டுபவன்:
எல்லாம் சரி ஐயா, ஆனால் இப்போது இருக்கும் 270 ஹெக்டேரையாவது மக்களுக்குத் திறந்துவிட வேண்டாமா? மும்பையில் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் பேருந்து விடுகிறார்கள், கன்ஹேரி குகை வரைக்கும் போகலாம். ஹைதராபாத்தில் கேபிஆர் பூங்காவில் காலையில் நடைபயிற்சி போகிறார்கள், அதுவும் தேசியப் பூங்காதான். சென்னையில் மட்டும் ஏன் வேலி போட்டு மூடி வைக்க வேண்டும்? யாருமே போக முடியாத காட்டினால் யாருக்கு என்ன லாபம்? இரண்டு நடைபாதை, நாலு பெஞ்சு, ஒரு டிக்கெட் கவுண்ட்டர் போட்டால் போதுமே.

தாவரப்பித்து:
இரண்டு பெஞ்சில்தான் எல்லாமே ஆரம்பிக்கும். நான் கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறேன், மாணவர்களோடு அனுமதி வாங்கி மூன்று முறை உள்ளே போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மும்பைக் காடு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே பேருந்து ஓடினாலும் சிறுத்தை ஒதுங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. 2.7 சதுர கிலோமீட்டரில் எதுவும் எங்கேயும் ஒதுங்க முடியாது. நாம் நாலு பக்கமும் நடந்தால் நடுவில் இருக்கிற மான் எந்தப் பக்கம் போகும்?

அப்புறம் இது என்ன காடு என்பதையும் சொல்ல வேண்டும். கேரளக் காடு மாதிரி வானுயர்ந்த மரம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. நம் கிழக்குக் கடற்கரை ஓரத்துக்கே உரியது, இலங்கையிலும் உண்டு. மரங்கள் குட்டை, நெருக்கம், இலை தடிப்பு, முள் அதிகம். கோடையில் வாடினாலும் முழுசாக இலை உதிர்ப்பதில்லை. களா, காட்டெலுமிச்சை, விளா, சூரை, நடுவில் பனை, இதெல்லாம் பின்னிக் கிடக்கும். நுழைந்தால் சட்டை கிழியும். பார்க்கிறவருக்கு "என்ன சார் வெறும் புதர்" என்று தோன்றும். அப்படித் தோன்றியதால்தான் இந்த வகைக் காடு கடற்கரை ஓரமெங்கும் அழிந்தது. கோயில்காடுகளிலும், கோடியக்கரை மாதிரி சில இடங்களிலும், இங்கேயும்தான் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. வெறும் புதர் என்று சொல்லப்படுகிற இடத்தில் முன்னூறுக்கு மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன, பறவைகள் நூறு வகைக்கு மேல்.

பசுமைத்தம்பி:
அருமையான தகவல் சார். எங்கள் நண்பர்கள் குழு ஒன்று இருக்கிறது, வார இறுதியில் மரக்கன்று நடுகிறோம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் கிண்டியில் ஏகப்பட்ட மரங்கள் விழுந்தன அல்லவா. உள்ளே நிறைய வெட்டவெளி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அனுமதி கிடைத்தால் அங்கே ஆயிரம் கன்று நட எங்கள் குழு தயார். வேம்பு, புங்கை, பூவரசு எல்லாம் இருக்கிறது.

தாவரப்பித்து:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். தயவுசெய்து நட்டுவிடாதீர்கள்.

அந்த வெட்டவெளிதான் இந்தப் பூங்காவிலேயே விலை மதிக்க முடியாத இடம். வெளிமான், ஆங்கிலத்தில் பிளாக்பக் என்பார்களே, அது வாழ்வது அங்கேதான். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். வெளியில் வாழும் மான். புல்வாய் என்று இன்னொரு பெயர், திருகின கொம்பு என்பதால் திருகுமான் என்றும் சொல்வார்கள், பழைய பாட்டில் வரும் இரலையும் இதுதான் என்பார்கள். நம் ஆட்கள் எங்கே பார்த்தார்களோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள். இந்த விலங்கு ஒளிந்து பிழைப்பதில்லை. தூரத்திலேயே எதிரியைப் பார்த்து, கால் வேகத்தால் தப்பிப்பது. அதற்குக் குட்டைப் புல்லும் திறந்த தரையும் வேண்டும். கிண்டியில் அப்படிப்பட்ட இடம் போலோ மைதானம் என்று சொல்லும் திறந்த புல்வெளி. அதில் சீமைக்கருவேலமும் உன்னிச்செடியும் ஏறிக்கொண்டே வருகிறது, அவற்றை அகற்றவே வேலை சரியாக இருக்கிறது. புல்வெளி மூட மூட புதர் விரும்பியான புள்ளிமானுக்குக் கொண்டாட்டம், வெளிமானுக்குத் திண்டாட்டம். இதில் நீங்கள் ஆயிரம் புங்கை நட்டால் வேலை முடிந்தது. மரம் நட்டால் புண்ணியம் என்று எல்லா இடத்துக்கும் சொல்ல முடியாது. பள்ளிக்கரணையிலும் இதே கதைதான், சதுப்பில் மரம் நடுகிறேன் என்று ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும்.

பசுமைத்தம்பி:
இது எனக்குத் தெரியவே தெரியாது சார். உண்மையிலேயே. அப்போ நாங்கள் சீமைக்கருவேலம் வெட்ட வரலாமா?

தாவரப்பித்து:
அது வனத்துறை பார்த்து, கூப்பிட்டால் மட்டும். அதுவரைக்கும் உங்கள் தெருவில் புங்கை நடுங்கள், தெருவுக்கு நிழல் வேண்டும்.

பழைய விடுதி மாணவன்:
வெளிமான் பார்க்க வேண்டும் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம், ஐஐடி வளாகம். நான் தொண்ணூறுகளில் அங்கே படித்தேன். பரீட்சைக்கு முந்தின ராத்திரி மூன்று மணிக்கு டீ குடிக்கப் போனால் விடுதி வாசலில் புள்ளிமான் கூட்டம் அசை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், நம்மை ஒரு பொருட்டாகவே மதிக்காது. வெளிமான் அப்படி இல்லை. ரொம்பக் கூச்சம், திறந்த திடல் பக்கம் தூரத்தில் மட்டும் தெரியும். முதல் வருடம் ஒரு மானின் கொம்பைக் காட்டி, "இது எப்போ உதிரும்?" என்று ஒருவன் கேட்டான். சீனியர் ஒருத்தர் அரை மணி நேரம் வகுப்பு எடுத்துவிட்டார். புள்ளிமானுக்குக் கிளை கிளையாக இருக்கும், வருடா வருடம் உதிர்ந்து புதுசாக முளைக்கும். வெளிமானுக்கு மாட்டுக்கொம்பு மாதிரி, கிளை கிடையாது, உதிராது, முறுக்கிக்கொண்டே வளரும். உயிரியல் கணக்கில் அது மானே இல்லை, ஆடு மாட்டோடு சேர்ந்த குடும்பம். அன்றைக்கு அந்த சீனியரைத் திட்டினேன், முப்பது வருடத்துக்குப் பிறகும் நினைவிருப்பது பரீட்சைப் பாடம் இல்லை, இதுதான்.

ஒரு வருத்தமான விஷயமும் உண்டு. தெருநாய், பிளாஸ்டிக் இரண்டும் நகரத்து மானுக்கு எமன். இறந்த மான் வயிற்றில் பிளாஸ்டிக் பை இருந்தது என்று எத்தனை முறை செய்தி படித்திருப்போம். சாப்பாட்டுப் பொட்டலத்தை வேலி மேல் வீசுகிறவர்களை என்ன செய்வது?

வரிகட்டுபவன்:
அதனால்தான் ஒட்டுமொத்தமாக மூடி வைப்பது தீர்வில்லை என்கிறேன். மக்கள் பார்த்தால்தானே அக்கறை வரும்? பார்க்காத ஒன்றை யார் காப்பாற்றுவார்கள்? நாளைக்கு இன்னொரு நினைவாலயம் கட்டுகிறேன் என்று யாராவது வந்தால் தெருவில் வந்து நிற்க நாலு பேர் வேண்டாமா?

சைதாப்பேட்டை தாத்தா:
இதில் தம்பி சொல்வது சரிதான். அக்கறை இல்லாத காலத்தில்தான் பாதி போனது.

தாவரப்பித்து:
ஒத்துக்கொள்கிறேன். திறக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது பேர், ஒரு வழிகாட்டி, பேச்சுச் சத்தம் இல்லாமல் இரண்டு மணி நேரம். அதற்கு நான் கை தூக்குகிறேன். டிக்கெட் கவுண்ட்டருக்கும் பெஞ்சுக்கும் இல்லை. பெஞ்சு வந்தால் பின்னாலேயே சுண்டல் வரும், சுண்டல் வந்தால் காகிதம் வரும், காகிதம் வந்தால் நாய் வரும்.

வரிகட்டுபவன்:
இருபது பேர் என்றால் எனக்கு முறை வர எத்தனை வருடம் ஆகும்?

மத்திய கைலாஷ்:
அதுவரை நல்லபடியாக வரி கட்டிக்கொண்டே இருங்கள்.

ஈசிஆர் அக்கா:
பெரம்பூர்வாசி சார், பாம்புப் பண்ணையை "ஒரு சுற்று" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்களே! அதற்குப் பெரிய கதை இருக்கிறது, மகளுக்குச் சொல்லுங்கள். ரோமுலஸ் விட்டேக்கர் என்ற பாம்பு நிபுணர் முதலில் 1969ல் சேலையூரில் சின்னதாக ஆரம்பித்தது, 1972ல் கிண்டிக்கு வந்தது. அந்தக் காலத்தில் பாம்புத் தோல் ஏற்றுமதி பெரிய வியாபாரம். இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் வியாபாரிக்குக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளில் சட்டம் வந்து அந்த வியாபாரம் நின்றது, பிழைப்பும் போனது. 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. இன்றைக்கும் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை ஒட்டி நடக்கிறது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, பிடித்த இடத்தில் திரும்ப விடுகிறார்கள். நாட்டில் விஷமுறிவு மருந்து செய்யத் தேவையான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. காசியில் ஒருத்தரை விரியன் கடித்தாலும் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் ஒருவர் பிடித்த பாம்பின் விஷத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. எங்கள் தோட்டத்தில் நல்ல பாம்பு வந்தபோது கூப்பிட்ட பெரியவர் வெறும் கையால் புதரை விலக்கி, தடம் பார்த்து, "அக்கா, இது போய் ரெண்டு நாள் ஆச்சு" என்றார். நான் ரெண்டு நாளாக வாசல் கதவைத் திறக்காமல் இருந்தேன்.

பெரம்பூர்வாசி:
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. பாம்புப் பண்ணையில் நாங்கள் செய்தது கண்ணாடியைத் தட்டியதுதான், தட்டாதீர்கள் என்று எழுதியிருந்ததைப் பிறகு பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

நடைமுறைக் கேள்வி: அனுமதி எப்படி வாங்குவது? தனியாளாகக் கேட்டால் தருவார்களா?

தாவரப்பித்து:
தனியாளாக, குடும்பத்தோடு சுற்றிப்பார்க்க என்றால் கஷ்டம். பள்ளி, கல்லூரி, ஆய்வு, இயற்கைக் குழு என்ற வழியில்தான் வனத்துறைக்கு எழுத வேண்டும். உங்கள் மகளின் மிஸ் ஆர்வமானவர் போலத் தெரிகிறதே, பள்ளி வழியாக எழுதச் சொல்லிப் பாருங்கள். இல்லாவிட்டால் பறவை பார்க்கும் குழுக்களோடு பழகுங்கள்.

போகும்போது முழுக்கைச் சட்டை, மூடிய காலணி, பளபளப்பில்லாத நிறம். உண்ணி ஏறும், வந்ததும் துணியைத் துவைக்கப் போடுங்கள்.

அதுவரை அக்டோபரில் காதைத் தீட்டி வையுங்கள். ஆறுமணிக்குருவி வரும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரியில் பறந்து தெற்கே வரும் பறவை. காலை ஆறு, மாலை ஆறு ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு, கண்ணுக்கு மை தீட்டின மாதிரி பட்டை, குட்டை வால். வருடா வருடம் சென்னையில் யாராவது ஒருத்தர் வீட்டு பால்கனியில் களைத்துப்போய் விழும், காக்கை துரத்தும். அப்படிப் பார்த்தால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்குள் இருட்டில் சில மணி நேரம் வைத்து, சாயங்காலம் மரங்கள் அடர்ந்த இடத்தில் திறந்துவிடுங்கள். அரிசி, பிரெட் என்று ஊட்டாதீர்கள், அது பூச்சி தின்னும்.

பெரம்பூர்வாசி:
பாதிபேர் இந்த இழையை மறந்திருப்பீர்கள், நாலு மாதம் ஆகிவிட்டது. போய்விட்டு வந்தோம்! மிஸ் எழுதினார், இரண்டு முறை பதில் வரவில்லை, மூன்றாவது முறை அனுமதி வந்தது. பதினெட்டு பிள்ளைகள், இரண்டு மிஸ், பெற்றோரில் இரண்டு பேர், அதில் நான் ஒருவன். காலை ஆறரைக்கு உள்ளே.

உண்மையைச் சொல்கிறேன், முதல் அரை மணி நேரம் நான் ஏமாந்துதான் போனேன். முள், காய்ந்த சருகு, மண்பாதை. சர்தார் படேல் சாலையின் ஹாரன் விடாமல் கேட்கிறது, தலைக்கு மேல் மீனம்பாக்கம் போகிற விமானம். காட்டுக்குள் நிற்கிறோம் என்று மனசு ஒப்பவில்லை. அப்புறம் வழிகாட்டி குனிந்து ஒரு எச்சத்தைக் காட்டினார். உள்ளே விதையும் ரோமமும். மரநாய் போட்டது, பழம் தின்றிருக்கிறது, இந்த விதை இங்கேயே முளைக்கும் என்றார். பிள்ளைகள் "ச்சீ" என்று கத்திவிட்டுப் பதினெட்டு பேரும் மண்டி போட்டு அதையே பார்த்தார்கள். ஒரு குளத்தங்கரையில் வக்கா என்கிற இராக்கொக்குக் கூட்டம். நரியின் கால்தடம் சேற்றில் பதிந்திருந்தது. நரி வரவில்லை, தாத்தாவுக்குச் சொல்லிவிடுகிறேன், தடம் இருக்கிறது.

வெளிமானை எட்டு மணிவாக்கில் பார்த்தோம். புல்வெளி ஓரத்தில், ரொம்பத் தூரம். ஒரே ஒரு ஆண், முழுக் கறுப்பு இல்லை, கரும்பழுப்பு. பைனாகுலர் என் கைக்கு வருவதற்குள் திரும்பி நின்றுகொண்டது. கொம்பு மட்டும் முறுக்குக் கம்பி மாதிரி தெரிந்தது. எண்ணி ஒரு நிமிடம் இருக்கும்.

போன வாரம் பள்ளியில் "நான் பார்த்த காடு" என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் மரமும் அருவியும் வரைந்திருக்கிறார்கள். இவள் தாள் முழுக்கப் புல், ஓரத்தில் ஒரு மான், மூலையில் ஒரு விமானம். ஓவிய ஆசிரியர் மரம் எங்கே என்று கேட்டு மதிப்பெண் குறைத்துவிட்டார்.

பசுமைத்தம்பி:
அவரை இந்த இழைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் சார். நானும் இப்படித்தான் மாட்டினேன்.

சைதாப்பேட்டை தாத்தா:
நரித் தடத்தை ஃபோட்டோ எடுத்தீர்களா? இருந்தால் போடுங்கள், பேரனிடம் காட்ட வேண்டும்.